நான் வீட்டுக்காரராக நடித்த சனிக்கிழமை

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், திருச்சி கே.கே. நகரில் ஒரு மாடி அறையில் வைத்து, ஒரு பெண்ணை நான் மிரட்டினேன்.

மேஜையில் ஓங்கி ஒரு தட்டு. “என்னடி முறைக்கிற?” என்று ஒரு கேள்வி. அறையில் இருந்த எல்லாரும் அப்படியே உறைந்து போனார்கள்.

நானா? ஆமாம், நானேதான். இறங்க வேண்டிய ஸ்டாப்பில் கண்டக்டரைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிறவள் என்று என்னைப் பற்றி நானே இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நான் வேலை பார்க்கிற ஜெராக்ஸ் கடையில் “ஒரு பக்கமா, ரெண்டு பக்கமாங்க?” என்று கேட்பதற்குள் இரண்டு முறை தொண்டையைச் செருமிக்கொள்கிற அதே ஆள்தான்.

காரணம் இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால், மூன்று வருடமாக உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும்.

கடைக்கு வருகிறவர்கள், பக்கத்து வீட்டுப் பூனை, காவிரிக்கரை அம்மா மண்டபத்துக் குரங்குகள்... எல்லாரைப் பற்றியும் இங்கே எழுதியாயிற்று. என் வீட்டுக்காரரைப் பற்றி மட்டும் ஒரு வரி கிடையாது. ‘சாரைப் பற்றி எழுதவே மாட்டேன் என்கிறீர்களே’ என்று ஒரு வாசகி அன்போடு கேட்டிருந்தார். எழுத என்ன இருக்கிறது? பதினெட்டு வருடம் அடி வாங்கினேன். ஒரு நாள் காலையில் ஒரு துணிப்பையோடு கிளம்பி ஸ்ரீரங்கத்துக்கு வந்துவிட்டேன். அவ்வளவுதான்.

இந்த இரண்டு வரியை வாய்விட்டுச் சொல்ல எனக்கு இன்னும் ஆறு வருடம் ஆனது. சொன்ன இடம் அந்த மாடி அறை.

அந்த அறை எனக்குக் கிடைத்ததும் கடையில்தான். ஒரு டீச்சரம்மா வந்து ஒரு காகிதத்தை நீட்டி ஐம்பது காப்பி கேட்டார். விஜயா டீச்சர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பெயர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். காகிதத்தில் நாலே வரி. ‘வீட்டில் அடியும் வதையும் பட்ட பெண்களுக்கு. சனிக்கிழமை மூன்று மணி. பேசலாம். பேசாமலும் உட்காரலாம்.’ கீழே முகவரி.

காப்பி எடுக்கும்போது ஒன்று மங்கலாக விழுந்தது. மங்கலாக விழுந்தால் குப்பைக் கூடையில் போடுவது வழக்கம். நான் அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை, இரண்டு பஸ் மாறி அங்கே போய் நின்றேன்.

என்னைக் கூட்டி வந்தது அந்த நாலாவது வரி. ‘பேசாமலும் உட்காரலாம்.’

ஆறு வாரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அங்கே சில கட்டுப்பாடுகள் உண்டு. அட்வைஸ் சொல்லக் கூடாது. ‘அப்பவே ஏன் வெளிய வரல?’ என்று கேட்கக் கூடாது. பாவம் என்று உச்சுக் கொட்டக் கூடாது. அங்கே டாக்டர் கிடையாது, வக்கீல் கிடையாது. வேண்டுமென்றால் அவர்களுடைய போன் நம்பர் டீச்சரிடம் இருக்கும். மற்றபடி, பட்டவர்கள் மட்டும்தான். டீச்சர் உட்பட. அவர் கணக்கு டீச்சர், அவருடைய கணவர் பெரிய உத்தியோகம். “படிச்சவங்க அடிச்சாலும் அதே வலிதாங்க” என்பார்.

ஏழாவது வாரம் ஒன்று நடந்தது. கீழ்வீட்டுச் சமையலறையில் ஒரு பெரிய பாத்திரம் விழுந்து உருண்டது. மாடியில் இருந்த நாங்கள் ஏழு பேரும், ஒரே நேரத்தில், “நான் இல்ல” என்றோம்.

ஏழு பேரும்! ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு வந்தது சிரிப்பு... வயிறு வலிக்கிற சிரிப்பு. செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எத்தனையோ வருடமாக, பாத்திரம் விழுந்தால் பதறுவது உலகத்திலேயே நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். எனக்குத்தான் ஏதோ கோளாறு என்றும் நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் வாயைத் திறந்தேன். முதலில் சொன்னேனே... அந்த இரண்டு வரி.

செல்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும். காந்தி மார்க்கெட்டில் கறிவேப்பிலை, கொத்தமல்லி மொத்த வியாபாரம். லாரியை ரிவர்ஸ் எடுக்க வைக்கிற குரல். மூட்டை தூக்குகிறவர்கள் அவள் அதட்டினால் ஒதுங்குவார்கள். “அந்தக் குரல் எங்க வீட்டு வாசப்படி வரைக்கும் கூட வரும்க்கா. உள்ள மட்டும் வராது” என்று அவள் ஒருநாள் சொன்னாள். பதினோரு வருடம் அப்படி இருந்திருக்கிறாள்.

இனி ரஞ்சனி. துறையூர்ப் பெண், முப்பது வயதுக்குள். ‘உன்னைப் பற்றி எழுதட்டுமா?’ என்று கேட்டபோது தாராளமாகச் சம்மதித்தாள். ஒரே ஒரு நிபந்தனை. “ரஞ்சனின்னு போடுங்கக்கா. அதுதான் ஸ்டைலா இருக்கு.” போட்டாயிற்று.

அப்பா அம்மா இல்லை. பெண் குழந்தையோடு அண்ணன் வீட்டில் இருந்தாள். சனிக்கிழமைகளில் அண்ணனிடம் கம்ப்யூட்டர் கிளாஸ் என்று சொல்லிவிட்டு எங்களிடம் வருவாள். அது முழுப் பொய்யாக இருக்க வேண்டாமே என்று டீச்சர் தன் லேப்டாப்பில் அரை மணி நேரம் டைப்பிங் சொல்லிக் கொடுப்பார். அந்த டைப்பிங்கை வைத்தே அவளுக்குத் திருச்சியில் ஒரு லேபில் வேலை கிடைத்தது. சேர வேண்டிய நாளும் சொல்லிவிட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் ‘பேசி முடிக்க’ ஆள் வருகிறது என்று செய்தி வந்தது.

உங்களில் பலருக்கு இது தெரிந்திருக்கும். பெண் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டால், நாலு பேர் கூடிப் பேசுவார்கள். ஆண்கள் நாற்காலியில். பெண் சமையல்கட்டுக் கதவு நிலையோரம். மழை, வெள்ளாமை, யார் வீட்டுக் கல்யாணம் என்று ஆரம்பித்து மெதுவாக விஷயத்துக்கு வருவார்கள். எல்லாம் முடிவானதும், கடைசியில் அவளைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்பார்கள். “என்னம்மா, சம்மதந்தானே?”

அதற்கு ஒரே பதில்தான் எல்லாரும் கேட்டிருக்கிறோம். “நீங்க சொன்னா சரிங்க.”

ரஞ்சனி இரண்டு முறை ‘சரிங்க’ சொல்லியிருக்கிறாள். முதல் முறை திரும்பிப் போய் எட்டு மாதம் இருந்தாள். இரண்டாம் முறை போனபோது, மணிக்கட்டு உடைந்து வந்தாள். மூன்றாவது பேச்சு அந்த ஞாயிற்றுக்கிழமை. கணவன், அவனுடைய தாய்மாமன், ரஞ்சனியின் பெரியப்பா, அண்ணன். மாமியாரும் வரலாம்.

“அந்த ஒரு கேள்விக்கு ‘மாட்டேன்’னு சொல்லணும்க்கா. அவ்ளோதான். ஆனா வாயில வராது. எனக்கே தெரியும். சரின்னுதான் வரும். வந்துச்சுன்னா வேலையும் போச்சு, பாப்பா ஸ்கூலும் போச்சு... இந்தத் தடவ திரும்பி வருவேனான்னும் தெரியல.” சத்தமில்லாமல் சொன்னாள். அட்வைஸ் சொல்லக் கூடாதே... எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

செல்விதான் ஆரம்பித்தாள். “ஏங்க, ரிசப்ஷன்ல ஆடுற டான்ஸுக்கே பத்து நாள் ரிகர்சல் பாக்குறாங்க. இதுக்கு ஒரு ரிகர்சல் பாக்கக் கூடாதா?”

பார்த்தோம். டீச்சர் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு பெரியப்பா ஆனார். மாமியார் வேஷத்தைச் செல்வியே கேட்டு வாங்கிக்கொண்டாள்... “எனக்கு அத்துப்படி.” ஆனால் என்ன பிரயோஜனம்? “என் புள்ள உனக்கு என்னடி கொற வச்சான்?” என்று கம்பீரமாக ஆரம்பிப்பாள். ரஞ்சனியின் முகம் வாடியதும் “சாரிடா கண்ணு” என்று கட்டிக்கொள்வாள். மூன்று முறை இப்படி. லாரியை ரிவர்ஸ் எடுக்க வைத்த குரல், ஒரு மருமகளை அதட்ட முடியாமல் தோற்றுப்போனது.

கணவனாக யார் நடிப்பது? யாருக்கும் அந்த வேஷம் வேண்டாம்.

நான் கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் ஒரு கேள்விக்கும் தூக்காத கை.

ஏன் தூக்கினேன்? எனக்கு வசனம் தெரியும். பதினெட்டு வருடப் பாடம், மனப்பாடம். முதலில் கத்தினேன். மேஜையைத் தட்டினேன். நான் மிரட்டியதாகச் சொன்னது அதுதான். ஆனால் இரண்டு நிமிடத்தில் எனக்கே தெரிந்துவிட்டது, இது சரியில்லை. நாலு பேர் முன்னால் அந்த மாதிரி ஆட்கள் கத்துவார்களா? கத்தவே மாட்டார்கள். எல்லாருக்கும் முன்னால் அவர்களைப் போல நல்ல பிள்ளை உண்டா?

குரலைத் தாழ்த்தினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். “நான் என்ன பெரியப்பா பண்ணிட்டேன்? ஏதோ கோவத்துல கை நீண்டுருச்சு. அவ இல்லாம வீடு வீடாவா இருக்கு? சாப்ட்டு நாலு நாளாச்சு. பாப்பாவத் தூக்காம கை பதறுது...”

எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். ஒரு எழுத்து மாறாமல் வந்தது.

டீச்சர் பெரியப்பா குரலில் கேட்டார். “என்னம்மா, சம்மதந்தானே?”

“சரிங்க” என்றாள் ரஞ்சனி.

சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். திரும்ப ஆரம்பித்தோம். நான் அழுதேன். டீச்சர் கேட்டார். “சரிங்க.” மறுபடியும். “சரிங்க.” நாலாவது முறை “ம்” என்றாள். அதுவும் சரிதானே?

ஐந்தாவது முறைக்கு முன்னால் ரஞ்சனி கதவோரமே நின்றாள். அந்த அறையில் நாற்காலிக்குப் பஞ்சமில்லை. ஆனால் நாலு தடவையும் அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் பதில் சொன்னாள். அதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. எங்களுக்கும் அதுதானே பழக்கம்? அவளே கண்டுபிடித்தாள்.

“அக்கா, ஒரு தடவ உக்காந்து சொல்லிப் பாக்கட்டுமா?”

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் பெரியப்பாவுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். நான் அழுதேன், முன்பைவிட நன்றாகவே அழுதேன். டீச்சர் கேட்டார்.

“இல்லீங்க பெரியப்பா. நான் போகல.”

செல்வி விசில் அடித்தாள். இன்னும் இரண்டு தடவை பார்த்தோம். இரண்டு தடவையும் “நான் போகல” தான்.

ஆனால் எனக்கு அந்த வேஷத்தை விட்டு வெளியே வரத் தெரியவில்லை. அந்தக் குரல் எனக்குள் அவ்வளவு பத்திரமாக இருந்திருக்கிறதே என்ற பயம். ரஞ்சனிதான் வந்து என் கையைப் பிடித்தாள். “உங்க வீட்டுக்காரரும் அழுவாரா அக்கா?” தலையை ஆட்டினேன். அடித்ததை அங்கே சொல்லியிருக்கிறேன். அழுததைச் சொன்னதில்லை. அடியைவிட அந்த அழுகைதான் என்னைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் போனது.

டீச்சர் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். வேஷத்தைக் கலைக்க வேண்டும் என்றார். “இப்ப நீங்க யாருன்னு சொல்லுங்க.” என் பெயரைச் சொன்னேன். “ராத்திரி என்ன டிபன்?” உப்புமா என்றேன். “அப்ப அக்காவேதான்” என்று சான்றிதழ் கொடுத்தாள் செல்வி.

ஞாயிற்றுக்கிழமை செல்வியும் நானும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ் ஏறினோம். கூடப் போய் உட்கார்வது எங்கள் வழக்கம். கோர்ட்டோ, ஸ்டேஷனோ, வீடோ... இரண்டு பேர் போவோம். பேச மாட்டோம். கண்ணில் படுகிற இடத்தில் இருப்போம், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் கிளாஸ் தோழிகள் என்று அறிமுகம். ஐம்பதை நெருங்குகிற என்னைப் பார்த்து அண்ணி கொஞ்சம் யோசித்தார். “இந்த வயசுலயும் படிக்கிறீங்களே” என்று ஒரு டீ கூடுதலாகக் கொடுத்தார்.

சமையல்கட்டிலிருந்து கூடம் நன்றாகத் தெரிந்தது. நாலு நாற்காலி, நாலு ஆண்கள். மாமியார் வரவில்லை. செல்வியின் நடிப்பு வீண்.

மழை. மக்காச்சோளம். யாரோ ஒருவரின் முழங்கால் ஆபரேஷன். முக்கால் மணி நேரம் கழித்து விஷயத்துக்கு வந்தார்கள். அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டான். கண்ணைத் துடைத்தான்.

“நான் என்ன மாமா பண்ணிட்டேன்? ஏதோ ஒரு கோவத்துல கை நீண்டுருச்சு...”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. செல்வி என் இடுப்பில் கிள்ளினாள். “உங்ககிட்ட டியூஷன் படிச்சானாக்கா?” என்று காதில் கேட்டாள். நான் ரஞ்சனியைப் பார்த்தேன். நிலையைப் பிடித்திருந்தவள் முகத்தில் பயம் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உதட்டோரம் லேசாகத் துடித்தது. முந்தின நாள்தான் ஏழு தடவை கேட்ட வசனம். எட்டாவது தடவை கேட்டால் யாருக்குத்தான் மனசு இளகும்?

பெரியப்பா கூப்பிட்டார். “வாம்மா. எல்லாம் பேசியாச்சு. மாப்பிள்ள இனிமே ஒழுங்கா இருக்கேன்னு சொல்லிட்டாரு. சம்மதந்தானே?”

ரஞ்சனி நிலையை விட்டாள். சுவரோரம் அடுக்கி இருந்த நாற்காலிகளில் ஒன்றை உருவினாள். ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு வர மறுத்தது. இழுத்து எடுத்தாள். நாலு பேருக்கும் எதிரில் போட்டு உட்கார்ந்தாள்.

பெரியப்பா தொண்டையைச் செருமினார். “பெரியவங்க இருக்கற எடத்துல... எழுந்து நின்னு பேசும்மா.”

“உக்காந்தே சொல்லிடறேங்க பெரியப்பா. நின்னா எனக்குச் சரின்னு சொல்லிப் பழகிப்போச்சு.”

பெரியப்பா திரும்பி அண்ணனைப் பார்த்தார்.

“நான் போகல. எனக்குத் திருச்சியில வேலை கெடச்சிருக்கு. பாப்பாவும் நானும் அங்கயே இருந்துக்கறோம்.”

அந்த ஆளின் அழுகை டக்கென்று நின்றது. குழாயை மூடினால்கூடக் கொஞ்சம் சொட்டும். இது சொட்டவும் இல்லை. நாற்காலியை விட்டுப் பாதி எழுந்து, “என்னடி, ஆளக் கூட்டியாந்து வச்சிக்கிட்டுத் திமிராப் பேசுற?” என்றான். நாலு பேர் முன்னால். கை தன்னால் மேலே போயிருந்தது. அதை அவனே கடைசியாகத்தான் பார்த்தான்.

ரஞ்சனி நகரவில்லை. நாற்காலியின் கைகளை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணன் எழுந்தார். அவர் கெட்டவர் இல்லை. தங்கை நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் இரண்டு முறை அனுப்பி வைத்தவர். அந்தக் கையையே பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார். “மாப்பிள்ள, நீங்க கெளம்புங்க.”

போனார்கள். தாய்மாமன் வாசலில் நின்று ‘பிறகு பேசலாம்’ என்று சொல்லிவிட்டுத்தான் போனார். பேசுவார்கள். பெரியப்பா முகம் தெளியவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போனார். எல்லாம் முடிந்துவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். இன்னும் வக்கீல், கோர்ட் எல்லாம் இருக்கிறது. எங்களைப் பஸ் ஏற்றிவிட வந்த ரஞ்சனி, பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். செல்வி தலையைப் பிடித்துக்கொண்டாள். நான் தண்ணீர் பாட்டில் வாங்கி வந்தேன். கடைக்காரரிடம் ஒரே தடவையில், சத்தமாகக் கேட்டு வாங்கினேன்.

வாயைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்ன முதல் வார்த்தை... “நீங்க பண்ண அளவுக்கு அவருக்கு வரலக்கா.”

சிரித்தோம். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

எனக்குப் பெருமையாக இருக்கிறது. இந்த வார்த்தையை என்னைப் பற்றி நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. பத்தாவதோடு நின்ற படிப்பு. ஒரு விருது கிடையாது, ஒரு மேடை கிடையாது. எனக்கு நடந்ததில் பத்துப் பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். அந்தப் பதினெட்டு வருடமும் குப்பைக் கூடைக்குப் போக வேண்டிய காப்பி என்று. அதிலிருந்து நாலு வரி எடுத்து, இன்னொருத்திக்கு முன்கூட்டியே படித்துக் காட்ட முடிந்தது. அவள் பயத்தின் பாதியை ரிகர்சலிலேயே தீர்த்துவிட்டாள். டாக்டர் செய்ய வேண்டியதை டாக்டர்தான் செய்ய வேண்டும். ஆனால் அந்த ஆள் அடுத்து என்ன சொல்வான் என்று ஒரு வார்த்தை பிசகாமல் தெரிந்தவர்கள், எங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?

ரஞ்சனி இப்போது திருச்சியில்தான் இருக்கிறாள். பாப்பாவுக்கு ஸ்கூல் கிடைத்துவிட்டது. சனிக்கிழமை கம்ப்யூட்டர் கிளாஸைத் தவறவிடுவதில்லை. அதே பெயரில்தான் இன்னும் அண்ணனிடம் சொல்கிறாள். அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். போன வாரம், “உங்க கிளாஸ்ல எத்தன பேர்மா இருக்கீங்க?” என்று கேட்டாராம். கேட்டுவிட்டு, எல்லாருக்குமாகச் சேர்த்து ஒரு பை நிறைய அதிரசம் கொடுத்து அனுப்பினார்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் என்றைக்காவது நாலு பேர் உட்கார்ந்து ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பேசி முடிப்பார்கள். ஆரம்பிக்கும் முன்னால் ஐந்தாவதாக ஒரு நாற்காலி போடுங்கள்... மழையைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.